சாவிக் கடிகாரம் நேரம் தவறுகிறதா? ரெகுலேட்டரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு நாளில் 20 விநாடி பிந்தும் கைக்கடிகாரம், கணக்குப் பார்த்தால், 99.97 சதவீதத்துக்கும் மேல் சரியாக ஓடுகிறது. நாளொன்றுக்கு 86,400 விநாடிகள் அல்லவா? ஆனால் அதே கடிகாரம் வாரக் கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் போய்ச் சதவீதம் பேச முடியாது.

உடனே பின்மூடியைக் கழற்றி, உள்ளே + − என்று குறித்திருக்கும் சிறு கம்பியைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். அந்தக் கம்பிதான் ரெகுலேட்டர். அதனால் தீரும் குறை ஒன்றே ஒன்று: கடிகாரம் தினமும் ஒரே அளவில் முந்துவது, அல்லது ஒரே அளவில் பிந்துவது. மற்றக் கோளாறுகளைச் சில நாள் மறைத்துவைக்க மட்டுமே அதனால் முடியும். ஆகவே இங்கே அது கடைசியில் வருகிறது. கையால் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்றவற்றையும், கை அசைவில் தானே சாவி ஏறும் சீக்கோ 5 போன்றவற்றையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பேட்டரிக் கடிகாரத்துக்கு இது பொருந்தாது.

எவ்வளவு தவறினால் தவறு?

சுவிட்சர்லாந்தின் காஸ்க் அமைப்பு ஒரு கடிகாரத்துக்கு குரோனோமீட்டர் என்று சான்று தர, அதன் இயந்திரத்தை 15 நாட்கள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்க்கிறது. சராசரி நாளொன்றுக்கு −4 முதல் +6 விநாடிக்குள் இருக்க வேண்டும். இப்போதைய சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் இருக்கும் 4ஆர்36 இயந்திரத்துக்கு அந்த நிறுவனமே குறிப்பிடும் எல்லை +45 முதல் −35 விநாடி வரை. புதிதாக வாங்கியது 25 விநாடி முந்துகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் நிறுவனம் சொன்னதைவிட நன்றாகவே ஓடும், அது வேறு.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்த வழியில் வந்த ஜனதா, தண்டுகளைத் தாங்க 17 கல் வைத்த, மணிக்கு 18,000 துடிப்புள்ள எளிய இயந்திரம். அப்பாவின் மேசையறையிலிருந்து எடுத்த ஜனதா நாளுக்கு அரை நிமிடத்துக்குள் ஓடினால் நான் அதைத் திறக்கவே மாட்டேன்.

முதலில் ஒரு வாரம் எழுதிவையுங்கள்

தினமும் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுங்கள். விநாடி முள் 12இல் வரும் நொடியில் போனில் கடிகாரத்தைப் படம் எடுங்கள். படத்தின் விவரத்தில் அது எடுக்கப்பட்ட மணி, நிமிடம், விநாடி பதிவாகியிருக்கும். முள்ளைப் போனோடு பொருத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜனதாவில் சாவியை இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. அதை நிறுத்திப் பொருத்தப் படும் பாடு வீண். இன்று எத்தனை விநாடி வித்தியாசம், நாளை எத்தனை என்ற கழித்தல் கணக்கு போதும்.

இரவில் கடிகாரத்தை எப்படி வைத்தீர்கள், பகலில் கட்டியிருந்தீர்களா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு வாரக் குறிப்பில் +12, +14, +11, +13 என்று வந்தால் உங்களிடம் நல்ல கடிகாரம் இருக்கிறது; கடைசிப் பகுதிக்கே போய்விடலாம். +5, −30, +18 என்று தாவினால் கீழே படியுங்கள்.

திடீரென்று நிமிடக்கணக்கில் முந்துகிறது

நேற்றுவரை ஒழுங்காக ஓடியது, இன்று காலைக்குள் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் முன்னால் போய்விட்டது. சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் காந்தம். இயந்திரத்தின் உள்ளே இரண்டு பக்கமும் ஊசலாடும் பேலன்ஸ் வீலை, தலைமுடி போன்ற ஒரு சுருள்தான் திருப்பி இழுக்கிறது. அதன் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து சுருங்க வேண்டும். காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அளவுக்குச் சுருளின் நீளம் குறைந்ததாகிவிடும். நீளம் குறைந்த சுருள் விறைப்பாக இழுக்கும், வீல் சீக்கிரம் திரும்பும், கடிகாரம் முந்தும்.

எங்கே ஏறியிருக்கும்? காந்த மூடி வைத்த போன் உறை, கைப்பையின் காந்தப் பொத்தான், ஒலிபெருக்கி, டேப்லெட்டின் மூடி. காந்தம் தாங்கும் என்று சொல்லி விற்கப்படும் சாதாரணக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 764 தரம் கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர் அளவுள்ள புலத்தைத் தாங்குவதை மட்டுமே. அது சுமார் 60 காஸ். போன் உறையில் இருக்கும் வலுவான சிறு காந்தத்தோடு ஒட்டிக் கிடந்தால் இந்த எல்லை எளிதாகத் தாண்டப்பட்டுவிடும். பழைய ஜனதாவுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

சோதிக்க ஒரு சிறிய திசைகாட்டி போதும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வகை. போனில் இருக்கும் திசைகாட்டிச் செயலி வேண்டாம். போனுக்குள்ளேயே காந்தங்கள் இருக்கின்றன. திசைகாட்டியை மேசையில் வைத்து, அதன் ஓரத்தில் கடிகாரத்தை மெல்லத் திருப்புங்கள். உள்ளே எஃகு இருப்பதால் முள் கொஞ்சம் இழுபடுவது இயல்பு. கடிகாரத்தின் ஒரு பக்கம் முள்ளை இழுத்து, மறு பக்கம் அதே முனையைத் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது.

நீக்குவது கடினமல்ல. இணையத்தில் கிடைக்கும் நீல நிறச் சிறு பெட்டி போதும். கடிகாரத்தை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக ஒரு முழத் தூரத்துக்கு மேல் விலக்கி, அதன்பிறகு பொத்தானை விடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். கடிகாரம் பெட்டிமேல் இருக்கும்போதே விரலை எடுத்துவிட்டால், எடுத்த அந்த நொடியின் காந்தம் உள்ளேயே தங்கிவிடலாம். பெட்டி சீக்கிரம் சூடாகும்; சில விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள்.

காந்தம் இல்லையென்றால்? கீழே விழுந்ததா, கதவில் இடித்ததா என்று நினைத்துப் பாருங்கள். அடி பட்டதில் சுருளின் ஒரு சுற்று தாவி, ரெகுலேட்டரின் ஊசியிலோ பக்கத்துச் சுற்றிலோ மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது முந்துவது மணிக்கணக்குக்குக்கூடப் போகும். பின்மூடியைத் திறந்து லென்ஸ் வழியே பார்த்தால் தெரியும். ஆரோக்கியமான சுருள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக மூச்சு விடும். மாட்டிய சுருள் ஒரு பக்கம் மட்டும் விரிந்து, எதிர்ப் பக்கத்தில் இரண்டு மூன்று கோடுகள் சேர்ந்து ஒரே தடித்த கோடாகத் தெரியும். அதை ஊசியால் விடுவிக்க முயலாதீர்கள். கை ஒரு முறை நடுங்கினால் சுருள் கோணும். கோணிய சுருளை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் இன்று குறைவு.

மூன்றாவது காரணம் எண்ணெய். அண்மையில் சர்வீஸ் ஆன கடிகாரம் முந்தத் தொடங்கினால், சுருளில் எண்ணெய்ப் படலம் படிந்து சுற்றுகள் ஒட்டுகின்றன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முழு இயந்திரத்தையும் பெட்ரோலில் முக்கி எடுத்து, காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதைச் சர்வீஸ் என்று சொல்லும் கடைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. பிரித்துக் கழுவினீர்களா என்று கேட்டுவிட்டே கடிகாரத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று அரிது: சாவி கொடுக்கும்போது இறுகி இயந்திரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கை மாற்றும்போது அளவுக்கு மீறி வலுவானதைப் போட்டுவிட்டால், முழுச் சாவியில் பேலன்ஸ் வீல் சுற்றுக்கு மேல் சுற்றிப்போய் முட்டித் திரும்பும். காதில் வைத்தால் குதிரை ஓடுவதுபோல் தாளம் மாறிக் கேட்கும். சாவி சற்று இறங்கியதும் அது சரியாகிவிடும் என்பதே அடையாளம்.

விநாடி முள் சரியாக இருக்கிறது, நிமிட முள் மட்டும் பிந்துகிறது

இதைக் கண்டுபிடிக்காமல் ரெகுலேட்டரைத் தள்ளித் தள்ளிக் கடிகாரத்தையே கெடுத்தவர்கள் நிறையப் பேர். டைம்கிராஃபர் கருவியில் வைத்தால் +3 என்று அழகாகக் காட்டும். மணிக்கட்டில் கட்டினால் மாலைக்குள் பத்து நிமிடம் பிந்தும். கருவி கேட்பது துடிப்பின் ஓசையை மட்டுமே. முட்கள் அந்தத் துடிப்போடு சேர்ந்து போகின்றனவா என்பது அதற்குத் தெரியாது.

ஜனதா போன்ற இயந்திரத்தில் நிமிட முள் பொருத்தியிருக்கும் சிறு குழாய், நடுச் சக்கரத்தின் தண்டில் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் சாவியை இழுத்து நேரம் மாற்றும்போது சக்கரத்தைத் தொந்தரவு செய்யாமல் குழாய் மட்டும் வழுக்கித் திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நாற்பது ஐம்பது ஆண்டு திருப்பித் திருப்பி அந்தப் பிடி தேய்ந்துவிட்டால், யாரும் தொடாமலே வழுக்கத் தொடங்கும்.

சோதனை இதுதான்: விநாடி முள் 12ஐத் தொடும்போது நிமிட முள் சரியாக ஒரு நிமிடக் கோட்டின்மேல் இருக்கும்படி வையுங்கள். சில மணி நேரம் கழித்து, விநாடி முள் மறுபடி 12ஐத் தொடும்போது பாருங்கள். நிமிட முள் அப்போதும் கோட்டின்மேல் நிற்க வேண்டும். இரண்டு கோட்டுக்கு நடுவில் தொங்கினால் வழுக்கல்தான். நேரம் மாற்றும்போது கைக்கு எந்த எதிர்ப்பும் தெரியாமல் முட்கள் வெண்ணெயில் ஓடுவதுபோல் திரும்பினால் அதுவும் சாட்சி.

டயலைக் கழற்றி, அந்தக் குழாயின் இடுப்பில் அதற்கென்று உள்ள கருவியால் இலேசாக அழுத்தினால் பிடி திரும்பும். கை தேர்ந்தவருக்குச் சின்ன வேலை. குறடால் நசுக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். பிடி அதிகமானால் அடுத்து நேரம் மாற்றும்போது வேறு பல் உடையும். பிடி இறுகியபின் அங்கே துளி கிரீஸ் வைத்தாக வேண்டும்.

காலையில் சரி, இரவுக்குள் பிந்துகிறது. அல்லது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணக்கு

இங்கே பார்க்க வேண்டியது வீச்சு. பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் எத்தனை பாகை சுற்றுகிறது என்பதே வீச்சு. முழுச் சாவியில் டயல் மேல்நோக்கிக் கிடக்கும்போது 270 முதல் 310 வரை இருந்தால் நல்ல உடல்நலம்; பழைய எச்.எம்.டி. 250ஐத் தாண்டினாலே பாராட்டலாம். 24 மணி நேரம் கழித்தும் 200க்குக் கீழே போகக் கூடாது. போனில் கேட்கும் செயலிகளோ மலிவான டைம்கிராஃபரோ இதைக் காட்டும். ஆனால் அதில் லிஃப்ட் ஆங்கிள் என்ற எண்ணை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வீல் உந்தப்படும் பாகையை, சரியாகக் கொடுக்க வேண்டும். கருவி வழக்கமாக 52 என்று வைத்துக்கொள்ளும்; சுவிஸ் இயந்திரமான ஈடிஏ 2824க்கு 50, பழைய சீக்கோ 5இன் 7எஸ்26 இயந்திரத்துக்கு 53. இந்த எண் தவறானால் வீச்சின் கணக்கு மட்டும் பிசகும், முந்தல் பிந்தல் கணக்கு பிசகாது.

வீச்சு முழுச் சாவியிலேயே குறைவாக இருந்தால் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது. மருந்து, பிரித்துக் கழுவி எண்ணெய் போடுவது. அதற்கு மாற்று இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்கு எதற்குச் சர்வீஸ் என்று கேட்பார்கள். காய்ந்த எண்ணெயில் தூசி கலந்து அரத்தூள்போலத் தண்டுகளைத் தேய்க்கும், அதற்காகத்தான். தையல் மெஷின் எண்ணெயைப் பின்மூடி வழியே சொட்டுவிடும் வைத்தியம் ஒரு வாரம் வேலை செய்யும். அதன்பின் எண்ணெய் ஓடிப்போய்ச் சுருளில் ஏறும், முன்பகுதியில் சொன்ன கதை தொடங்கும்.

காலையில் வீச்சு நன்றாக இருந்து, மாலைக்குள் சரிந்தால் மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பல ஆண்டு சுருண்டே கிடந்த பழைய ஸ்பிரிங் தன் விசையை இழந்துவிடும். மாற்றினால் தீரும்.

தானியங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கேள்வி: நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரா? சீக்கோ 7எஸ்26இல் கையால் சாவி கொடுக்கும் வழியே இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் பெரியவரின் கையில் அது அரைச் சாவியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பழுது கடிகாரத்தில் இல்லை. காலையில் கட்டும் முன் அரை நிமிடம் மெல்லச் சுழற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

வெயில், ஏசி என்று வெப்பத்தின்மேல் பழி போடுவது பழைய வழக்கம். எஃகுச் சுருள் காலத்தில் அது நியாயம். சார்ல் எட்வர் கியோம் கண்டுபிடித்த உலோகக் கலவைகள் அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. 1920இல் இயற்பியல் நோபல் அவருக்குக் கிடைத்ததும் அந்தக் கலவைகளுக்காகத்தான்.

கையில் கட்டினால் ஒன்று, கழற்றி வைத்தால் ஒன்று

நிலைக்கு நிலை ஓட்டம் மாறுவது பழுதல்ல, எந்திரத்தின் இயல்பு. டயல் மேல்நோக்கிக் கிடந்தால் பேலன்ஸ் தண்டு தன் நுனியில் மட்டும் நிற்கிறது. செங்குத்தாக நிறுத்தினால் தண்டின் பக்கங்கள் கல்லில் உரசும், வீச்சு குறையும். பேலன்ஸ் வீலில் ஒரு பக்கம் இம்மி கனம் கூடியிருந்தாலும் செங்குத்து நிலையில்தான் அது தெரியும். கடிகாரக் கலைஞர் பிரெகே 1801இல் காப்புரிமை வாங்கிய டூர்பில்லான் என்ற அமைப்பு, இந்தச் செங்குத்து நிலைப் பிழைகளைச் சுழற்றிச் சுழற்றிச் சராசரியாக்கவே உருவானது.

நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஓர் இரவு டயல் மேலாக, ஓர் இரவு சாவி மேலாக, ஓர் இரவு சாவி கீழாக வைத்து எது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் 8 விநாடி முந்தினால், இரவில் பிந்தும் நிலையில் வைத்துவிடுங்கள். கணக்கு நேராகிவிடும். திறக்காமலே செய்யும் சீரமைப்பு இது ஒன்றுதான், அலமாரியில் இருக்கும் பாதிக் கடிகாரங்களுக்கு இதுவே போதும்.

டயல் மேலே, டயல் கீழே ஆகிய இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டின் ஒரு நுனி மழுங்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்கக் கல்லில் அழுக்கு.

நின்று நின்று ஓடுகிறது

நிற்கும் நேரத்தைக் குறியுங்கள். எப்போதும் முட்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும் நேரத்தில் நின்றால் முட்கள் உரசுகின்றன. நள்ளிரவை ஒட்டி நின்றால் தேதி மாற்றும் சக்கரம். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் சாவியால் தேதியைத் திருப்பியவர்களுக்கு இது அடிக்கடி வரும். குலுக்கினால் ஓடி, வைத்தால் நின்றால் பீட் எரர் (பேலன்ஸ் வீலின் இரு பக்க ஊசலும் சமமாக இல்லாத பிழை) அதிகம், அல்லது எண்ணெய் தீர்ந்துவிட்டது. கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தால் எதையும் சோதிக்காமல் அன்றைக்கே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். துரு யாருக்காகவும் காத்திருக்காது.

தினமும் ஒரே அளவில் முந்துகிறது அல்லது பிந்துகிறது

இப்போது ரெகுலேட்டர். மின்விசிறியை நிறுத்துங்கள். பின்மூடி அழுத்திப் பொருத்தியதா, திருகியதா என்று பார்த்துத் திறங்கள். பேலன்ஸ் வீலுக்கு மேலுள்ள பாலத்தில், சுருளின் வெளி நுனியை இரண்டு ஊசிகளுக்கு நடுவில் பிடித்திருக்கும் கம்பியைத் தேடுங்கள். + என்றோ எஃப் என்றோ குறித்த பக்கம் தள்ளினால் வேகம் கூடும். − அல்லது எஸ் பக்கம் தள்ளினால் குறையும். சீக்கோவில் இரண்டு கைகள் இருக்கும். சுருளின் முனை கட்டியிருக்கும் கை வேறு. அதைத் தொட்டால் பீட் எரர் கெடும்.

ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது வழுக்கினால் சுருள் போயிற்று. நுனி சீவிய மரப் பல்குச்சி நல்லது. தள்ளினேனா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். அதற்கே பத்து இருபது விநாடி மாறும். தள்ளிய கையோடு கருவியில் பார்த்து மறுபடி தள்ளும் ஆசையை அடக்கி, ஒரு முழு நாள் கட்டிப் பாருங்கள். நாளுக்கு 3 முதல் 5 விநாடி முந்தும்படி நிறுத்துவது என் வழக்கம். சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும் வகையானால், முந்தும் கடிகாரத்தை வாரத்துக்கு ஒருமுறை அப்படிக் கொஞ்சம் பிடித்து வைத்தால் போதும்.

கம்பி ஏற்கெனவே ஒரு கோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்து, இன்னும் பிந்துகிறது என்றால் யாரோ உங்களுக்கு முன்பே மறைக்க முயன்றிருக்கிறார்கள். புது வண்ண டயலோடு மலிவாக விற்கும் ‘பம்பாய் ஸ்பெஷல்’ எச்.எம்.டி.களில் இது சகஜம்: ஒரு கடிகாரத்தின் பேலன்ஸ், இன்னொன்றின் சுருள், மூன்றாவதன் பாலம். அவற்றுக்கு ரெகுலேட்டரால் ஆவது ஒன்றுமில்லை. அதே இயந்திரத்தின் முழு பேலன்ஸ் ஒன்று கிடைக்கிறதா என்று பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள். மூடும் முன் பின்மூடியின் ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.